சித்தப்பாவுக்கு வாய்த்த சனிக்கிழமை

மூன்று வருஷங்களுக்கு முன்பு மகாளய அமாவாசையன்று அத்தை எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். அதற்கு முந்தைய வாரம்தான் நான் சூரத்திலிருந்து திரும்பியிருந்தேன். முதலியார்பேட்டையில் பழைய மில் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசையில் அவள் வீடு. நடு அறையில் ஆறு இலை போட்டிருந்தாள். தாத்தா, பாட்டி, மாமா, என் அப்பா, அம்மா என்று ஐந்து பேருக்கு. ஆறாவது இலை சித்தப்பாவுக்கு, அதாவது அவளுடைய சின்ன அண்ணனுக்கு.

சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் காலாட்படைச் சிப்பாயாகச் சேர்ந்து சைகோன் சண்டையில் செத்துப்போனவர். எங்கள் ஊரில் கடல் தாண்டிய அந்த நாடு முழுவதற்கும் சைகோன் என்றுதான் பெயர். உடல் வரவில்லை. ஒரு காகிதம் வந்தது. அப்போது அத்தைக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர் என் அப்பா ஒருவர்தான். மூன்று வகுப்பு படித்திருந்தார். காகிதத்தைப் படித்துவிட்டு, தம்பி சண்டையில் செத்துவிட்டான், தேதி போடவில்லை என்று சொன்னாராம். தேதி தெரியாமல் செத்தவர்களுக்கு மகாளய அமாவாசைதான் நாள். அன்றைக்குக் கவிச்சி ஆகாது.

“சின்னண்ணனுக்குக் காரப்பொடி மீன் கொழம்புன்னா உசுரு. எழுவது வருஷமா அவனுக்குச் சாம்பாரப் போட்டு ஏமாத்திக்கினு இருக்கேன்” என்றாள் அத்தை. “மத்தவங்களுக்கு அவங்கவங்க நாள்ல புடிச்சதப் போடுறேன். இவனுக்கு மட்டும் நாளே இல்ல. நீ ஊர் ஊரா சுத்துனவன்தான? கண்டுபுடிச்சுக்கினு வா. நான் போறதுக்குள்ள ஒரு தடவ அவனுக்கு மீன் போட்டுடணும்.”

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பதினாறு வயதில் வீட்டைவிட்டு ஓடி, ஓட்டலில் தட்டு கழுவி, லாரியில் கிளீனராக இருந்து, சூரத்தில் சாயப்பட்டறையில் கை நீலமாகும்வரை வேலை பார்த்தவன். திரும்பிவந்து தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் பகல் வாட்ச்மேன் ஆனேன். தேட வேண்டிய காகிதங்கள் எல்லாம் பிரெஞ்சில் இருக்கும் என்பது மட்டும் தெரியும். கையில் இருந்தது ஒரு போட்டோ. தொளதொளத்த யூனிஃபாரத்தில், காதுவரை இறங்கிய தொப்பியோடு ஒரு பையன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற முகம்.

போரில் செத்த தன் சிப்பாய்களின் பட்டியலை பிரெஞ்சு அரசாங்கம் இணையத்தில் போட்டிருக்கிறது என்று கம்பெனி மேலாளர் சொன்னார். செல்போனில் அதைத் திறந்து சித்தப்பா பெயரை விதவிதமாகப் போட்டுப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பெயர்கள் நிறைய வந்தன. பாண்டிச்சேரியில் பிறந்து, பெயர் தெரியாத மலையிலும் வயலிலும் செத்த பையன்கள். மூடிகள் ஏற்றிய வண்டிகள் கேட்டுக்குள் போய்வரும் இடைவெளியில் ஒவ்வொருவராகப் படித்தேன். சித்தப்பா இல்லை. ஒன்றரை வருஷம் இப்படியே போனது. அத்தை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்பாள். இல்லை என்பேன். “பட்டியல்லயும் எலயில ஒக்காந்த மாதிரி கடைசிலதான் இருப்பான், பாரு” என்பாள்.

கடைசியில் பெத்தாங்க் விளையாடும் இடத்துக்குப் போனேன். மண்தரையில் இரும்புக் குண்டு எறிந்து ஆடும் அந்த ஆட்டத்தை பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனார்கள், எங்கள் சொல்தாக்கள் விடவில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். அங்கே இருந்தவர்களில் வயதானவர், அல்ஜீரியாவில் சண்டை போட்டவர், என் போட்டோவை வாங்கி முகத்தருகே வைத்துப் பார்த்தார். சேரும்போது எத்தனை வயது என்று கேட்டார். பதினாறு என்று அத்தை சொன்னதைச் சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

“பதினாறு வயசுப் பையனப் பட்டாளத்துல எடுத்துக்க அவன் என்னா பைத்தியமா, முசியே? பதினெட்டு ஆவணும். எங்கள்ல பாதிப் பேரு அண்ணனோட பொறப்புப் பேப்பர எடுத்துக்கினுதான் போனோம். எங்கண்ணன் நாலு வயசுல அம்ம போட்டுச் செத்துட்டான். பொறப்ப எழுதுனாங்க, சாவ எழுதல. பிரான்சுக்காரனுக்கு நான் இன்னி வரைக்கும் எங்கண்ணன்தான்.”

சித்தப்பாவுக்கு அண்ணன் யார் என்று கேட்டார். என் அப்பா என்றேன். செல்போனை நீட்டச் சொன்னார். அப்பாவின் பெயரை நானே போட்டேன். பக்கம் திறக்க நேரமானது.

அப்பா அங்கே இருந்தார். அவர் பெயர், அவர் பிறந்த வருஷம், பிறந்த ஊர் பாண்டிச்சேரி. காலனிக் காலாட்படை, இரண்டாம் வகுப்புச் சிப்பாய். செத்த தேதி, செத்த இடம்: சைகோனுக்கு வெகு வடக்கே, டோங்கினில் ஒரு மலைப்பாதை. கீழே பிரான்சுக்காக உயிர்நீத்தவர் என்று ஒரு வரி. சொல்தா ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் படித்துச் சொன்னார்.

“ரெண்டாங் கிளாஸ்னா?” என்று கேட்டேன்.

“அதுதான் கடைசி. அதுக்குக் கீழ சாமான் தூக்குற கோவேறு கழுததான். சில எடத்துல கழுதைக்கு மரியாத ஜாஸ்தி.” பிறகு கேட்டார்: “உங்கப்பாரு எங்க செத்தாரு?”

“ஜெனரல் ஆஸ்பத்திரில. மூச்சு வாங்கி.”

அவர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். நான் கொள்ளி வைத்த அப்பா, அதற்கு ஐம்பது வருஷம் முன்பே ஒரு மலைப்பாதையில் செத்திருந்தார்.

அன்று வீட்டுக்கு நடந்தே போனேன். அப்பாவைப் பற்றி எனக்குப் புரியாமல் இருந்தவை சில உண்டு. பிறப்பு இறப்பு பதியும் நகராட்சிக் கட்டடம் இருக்கும் தெருவில் அவர் நடக்கமாட்டார். சுற்றிக்கொண்டு போவார். ஊர் இந்தியாவோடு சேர்ந்த சமயம், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்கலாம் என்று சில மாதம் அவகாசம் தந்தபோது, மில்லில் கூட வேலை செய்தவர்கள் எல்லாம் ஓடினார்கள். எனக்கு எதுக்கு என்று இவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாராம். சின்ன வயதில் நான் இதற்காக அவரைக் கோழை என்று நினைத்திருக்கிறேன். செத்தவன் கையெழுத்துப் போட முடியாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? தம்பிக்குத் தன் காகிதத்தைக் கொடுத்தார். தம்பி செத்ததும், பொய்க் காகிதம் கொடுத்ததற்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பயந்திருக்கிறார். தேதியைச் சொன்னால் அதை வைத்து யாராவது போய் விசாரிப்பார்கள் என்று அதையும் மறைத்திருக்கிறார். அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லாமல் மில்லுக்குப் போய்வந்திருக்கிறார்.

அத்தையிடம் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். தேதியை மட்டும் சொல்லலாம். ஆனால் அவள் எதையும் பாதியில் விடுபவள் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

“பேப்பரப் படிச்சுட்டுப் பெரியண்ணன் கொல்லப் பக்கம் போனான். வெந்நி அடுப்புல போட்டுட்டான். துக்கத்துல போடுறான்னு நெனச்சேன்” என்றாள். கையில் இருந்த கீரையை முறத்தில் போட்டுவிட்டு, “தேதி இருந்துதா அதுல?” என்று கேட்டாள்.

இருந்திருக்கும் என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அடுத்த இரண்டு ஞாயிறு நான் போனபோது சோறு போட்டாள், பேசவில்லை. சுவரில் இருந்த அப்பாவின் படத்துக்குப் பூ இல்லை. சித்தப்பாவின் போட்டோவுக்கு மட்டும் முழம் பூ.

மூன்றாவது ஞாயிறு அவளே ஆரம்பித்தாள். திதி பார்த்தாயா என்றாள். செல்போனில் பழைய பஞ்சாங்கம் எடுத்துப் பார்த்து வைத்திருந்தேன். புரட்டாசி, வளர்பிறை திரயோதசி. வருகிற புரட்டாசியில் அது ஒரு சனிக்கிழமையில் விழுந்தது.

எனக்கே அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. புரட்டாசி முழுக்க அந்த வீட்டில் முட்டை ஓடுகூடப் பார்க்க முடியாது. சனிக்கிழமையோ நாமம் போட்டுத் தளிகை வைக்கும் நாள். எழுபது வருஷம் காத்திருந்து கிடைத்த நாள் இப்படியா என்று நினைத்து, ஐப்பசியில் ஒரு நாள் பார்த்துச் செய்யலாமே என்றேன்.

“அவனுக்குன்னு ஒரு நாள் வந்திருக்கு. அதையும் தள்ளிப் போடச் சொல்றியா? பெருமாளுக்கு வருஷத்துக்கு நாலு சனிக்கெழம இருக்கு. ஒன்ன உட்டுக் குடுத்தா கொறஞ்சா பூடுவாரு?”

அந்தச் சனிக்கிழமை காலையில் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் பக்கம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். காரப்பொடி கேட்டதும் மீன்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“புரட்டாசி சனிக்கெழம. வூட்ல சண்டையா?”

“பட்டாளத்துக்காரர் ஒருத்தருக்கு விருந்தும்மா.”

“பட்டாளத்துக்காரருன்னா வஞ்சரம் வாங்கு. இந்த முள்ளுப்பொடியவா போடுவ?”

“ரெண்டாங் கிளாஸ் சிப்பாய்தான்” என்றேன்.

அத்தை மண்சட்டியில் குழம்பு வைத்தாள். மாங்காய் போட்டு, புளியைக் கொஞ்சம் தூக்கலாக விட்டு. வாசனை வரிசை முழுக்கப் போனது. பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்தினார். அத்தை அதைப் பார்த்துவிட்டு, சட்டியின் மூடியை எடுத்துக் கீழே வைத்தாள்.

இரண்டு இலை போட்டாள். ஒன்று சித்தப்பாவுக்கு: சோறு, நிறையக் குழம்பு, ஒன்றின்மேல் ஒன்றாக மீன், ஓரத்தில் ஒரு சிகரெட். இன்னொன்றில் சோறும் சாம்பாரும் மட்டும்.

“இது யாருக்கு அத்த?”

“உங்கப்பனுக்கு. சாவுல அவன் பேருதான எழுதியிருக்கு? அதுவுமில்லாம எழுவது வருஷம் சின்னண்ணனச் சாம்பார் திங்க வச்சான் இல்ல? இன்னிக்கு இவன் தின்னட்டும். அவன் திங்கறதப் பாத்துக்கினே தின்னட்டும்.”

கற்பூரம் ஏற்றச் சொன்னாள். தீப்பெட்டியை எடுத்தேன். இரு என்று கையைப் பிடித்தாள். அப்பாவின் இலையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“பெரியண்ணன் முள்ளுக்குப் பயந்துகினு காரப்பொடியத் தொடவே மாட்டான்” என்றாள்.

சித்தப்பாவின் இலையிலிருந்து ஒரு மீனை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கண் சரியாகத் தெரியாததால் விரலால் தடவித் தடவி முள்ளை எடுத்தாள். காரப்பொடியில் மீனைவிட முள்தான் அதிகம். நான் தீப்பெட்டியோடு நின்றேன். வெகுநேரம் ஆனது. எடுத்து முடித்தபோது தேறியது ஒரு சிட்டிகைச் சதை. அதை அப்பாவின் சாம்பார்ச் சோற்றின் ஓரத்தில் வைத்து, இன்னும் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, “இப்ப ஏத்து” என்றாள்.