இரும்பு சேர்த்தாச்சு

பேய் ராத்திரியில்தான் வரும் என்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள். இது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தபோதே நடந்தது. பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

பாசியிலிருந்து எரிபொருள் எடுக்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் என் மனைவியும் நானும் ஒன்றாக வேலை பார்த்தோம். எண்ணெய் நிறையச் சுரக்கும் ஒரு பாசியை நாலு வருஷம் தேடிப் பிடித்தவள் அவள். அவள் இறந்து இருபத்தாறு நாட்களுக்குள் தொட்டிகள் எல்லாம் அழுகிவிட்டன. மிச்சம் ஒரே ஒரு இருபது லிட்டர் கண்ணாடிக் குடுவை. அதுவும் வெளிறிக்கொண்டிருந்தது.

காரணம் அன்று மதியம்தான் எனக்கு உறைத்தது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை பாசிக்கு இரும்பு உப்பு போட வேண்டும். அது எப்போதும் அவள் வேலை. அவள் போன பிறகு யாரும் போடவில்லை. நானும்தான்.

இரும்பு உப்பு பாட்டிலைத் திறந்தேன். காலி.

மேனேஜருக்கு போன் செய்தேன்.

“ஸ்டோர் சாவி வேணும் சார். இரும்பு தீந்துடுச்சு.”

“ஸ்டோர்லயும் இல்லப்பா. ஆர்டர் போடுறதும் உன் வீட்டுக்காரம்மாதானே?” என்றார். “நாளைக்குக் காலையில கலர் வரலேன்னா கொட்டிடுவோம். போய்த் தூங்கு. பாசிக்கு நர்ஸ் வேலை பாத்தது போதும்.”

4.40. குடுவையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அவள் விட்டுப்போனதில் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான்.

“என்ன வேணும்னாலும் எடுத்துக்கோ. இதை மட்டும் காப்பாத்து,” என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

4.52. குடுவைக்குள் குமிழ்ச் சத்தம் நின்றது. காற்று மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

4.58. மூலையில் குழாய் திறந்தது. யாரோ கை கழுவுவதுபோல... நிதானமாக, முழங்கை வரை. பிறகு குழாய் மூடியது.

அறையில் நான் மட்டும்தான்.

5.03. கையுறை மாட்டும் சத்தம். பட்... பட்...

எழப் பார்த்தேன். முடியவில்லை.

இடது கை சில்லிட்டது.

யாரோ மணிக்கட்டைப் பிடித்திருந்தார்கள்...

“கொஞ்சம்தான்.”

அவள் குரல்.

7.20க்கு மச்சான் தேடி வந்தார். அவளுடைய அண்ணன்.

“மாப்ள! என்னடா தரையில கிடக்கிறே? மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி இருக்கு!”

நான் குடுவையைப் பார்த்தேன். கரும்பச்சை. அவள் இருந்தபோதுகூட அப்படி ஒரு பச்சை வந்ததில்லை. பக்கத்தில் பதிவுத்தாள். அதில் புதிதாக ஒரு வரி: ‘5.10. இரும்பு சேர்த்தாச்சு.’

அவள் கையெழுத்து.

மச்சானும் படித்தார். என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

“எங்க வெட்டுப்பட்டுச்சு?” என்றார் டாக்டர். “ஒன்றரை லிட்டர் ரத்தம் போயிருக்கு.”

உடம்பு முழுக்கத் தேடினார்கள். ஓர் ஊசித் துளைகூட இல்லை. போன ரத்தம் முழுசாக ஊற ரெண்டு மாசம் ஆகுமாம்.

மேனேஜர் புது இரும்பு உப்பு வாங்கித் தந்தார். போட்டோம். அது குடுவையின் அடியில் அப்படியே படிந்து கிடக்கிறது. பாசி அதைத் தொடவில்லை.

இன்றோடு மூன்று வாரம். காலையிலேயே ஓரங்கள் வெளிற ஆரம்பித்துவிட்டன.

கொட்டிடு மாப்ள என்கிறார் மச்சான். சரி என்று சொல்லிவிட்டேன்.

குடுவைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சட்டைக் கையை மடித்துவிட்டிருக்கிறேன்.