ஒன்று வருகிறேன், இரண்டு வர இயலாது

நிரலை ஓடவிடும் முன் திரையின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். பதினெட்டு ஆண்டுகள் நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்த்த கை. தட்டினால் காகிதம் வந்துவிடும் என்ற நம்பிக்கை இன்னும் விட்டுப்போகவில்லை. அலுவலகத்தில் அவர் 'ஜெராக்ஸ் அண்ணா'. வயது நாற்பத்து மூன்று. பதவி இளநிலை புரோகிராமர். அதுவும் மூன்று மாதச் சோதனைக் காலத்தில்.

நகலெடுக்க ஆள் வருவது நின்றதும் தொழிற்பயிற்சி மையத்தில் சேர்ந்தார். 'ஒன்பதே மாதத்தில் புரோகிராமர்' என்று வாசலில் பலகை. ஒன்பது மாதத்தில் ஒரு முழு மனிதனே உருவாகும்போது புரோகிராமர் உருவாக மாட்டானா என்பது அவர்கள் கணக்கு. வகுப்பில் பன்னிரண்டு கணினிகள், ஓடியவை ஒன்பது. மீதி மூன்றை இவரே கழற்றிச் சரிசெய்தார். பயிற்சிக்கு வந்தவர் பயிற்சி மையத்துக்கு வைத்தியம் பார்த்ததைச் சான்றிதழில் யாரும் குறிப்பிடவில்லை.

ஏழாம் மாதம் அப்பா இறந்தார். ஐந்தாம் நாள் வகுப்புக்கு வந்து, பக்கத்து இருக்கைப் பெண்ணின் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். விடுபட்ட பாடத்தின் தலைப்பு: எதிர்பாராதது நடந்தால் நிரல் என்ன செய்ய வேண்டும்.

வேலை கிடைத்த இடத்தில் முதல் பொறுப்பு, ஒரு பல் மருத்துவமனைக்கு நினைவூட்டல் செய்தி அனுப்பும் மென்பொருள். நோயாளி ஒன்று அழுத்தினால் வருகிறார். இரண்டு அழுத்தினால் வர இயலாது. உடனே வேறு தேதி போகும். மனித வாழ்வின் சகல சாத்தியங்களும் இதற்குள் அடக்கம் என்று இருபத்தாறு வயது டீம் லீட் வெள்ளைப் பலகையில் படம் போட்டு விளக்கியிருந்தார்.

பரிசோதனைக்கு வெளியார் நம்பரைப் போடாதே, வீட்டு நம்பரைப் போடு என்பது மையத்தில் படித்த பாடம். தன் நம்பரை விட்டால் மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அப்பாவின் போனை அம்மா இன்னும் தினமும் சார்ஜில் போடுகிறார்.

"அந்தப் பல்லு டாக்டர் அப்பாவை விடவே மாட்டேங்கறார்டா," என்றார் அம்மா, முதல் வாரம். "வர முடியாதுன்னு ரெண்டு அழுத்திட்டேன்."

"அப்பா இப்ப இல்லைன்னு சொல்லியிருக்கலாமேம்மா?"

"எதுக்கு? பாவம், அவங்க சங்கடப்படுவாங்க."

அந்த எண்ணை ஒற்றை வரியில் அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. அம்மா இரண்டு அழுத்த, மென்பொருள் மரியாதையாக அடுத்த தேதி கொடுக்க, அப்பாவின் பல் சிகிச்சை பதினொரு முறை தள்ளிப்போயிற்று.

சோதனைக் காலத்தின் கடைசி நாளில் மருத்துவமனை மேலாளர் அம்மையார் மென்பொருளைப் பார்வையிட வந்தார். அவர் கையெழுத்திட்டால் ஜெராக்ஸ் அண்ணாவுக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடி திருப்புளி.

"யாருங்க இது, பதினொரு தடவை தள்ளிப் போட்டிருக்கார்? இப்படி நாலு பேர் இருந்தா என் நாற்காலியில ஈதான் உக்காரும்."

"எங்கப்பா மேடம். இறந்துட்டார்."

"அப்ப ரெண்டு அழுத்தறது?"

"அம்மா."

டீம் லீட் இடையில் பாய்ந்தார். "அது எட்ஜ் கேஸ் மேடம். ரொம்ப அபூர்வமா நடக்கறது."

"எது, சாகறதா?" அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு எழுபது தாண்டிடுச்சு தம்பி. செத்தவங்க வீட்டுக்கு வாராவாரம் செய்தி அனுப்பி நான் திட்டு வாங்கணுமா?" கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பத்து நிமிஷம் குடுங்க மேடம். ஒரு டீ குடிங்க," என்றார் ஜெராக்ஸ் அண்ணா.

பத்து நிமிடம் என்றது ஒன்பதில் முடிந்தது. மூன்றாவது வாய்ப்பு ஒன்று சேர்ந்திருந்தது: மூன்று அழுத்தினால், அவர் இப்போது இல்லை. அதன்பின் எந்தச் செய்தியும் போகாது.

"சூப்பர்ணா," என்று டீம் லீட் காதோரம் குனிந்தார். "அப்பா நம்பர்லயே காட்டிடுங்க. அம்மாவுக்கு ஒரு போன் போட்டு மூணு அழுத்தச் சொல்லுங்க, முடிஞ்சுது. வேலை உங்களுக்குத்தான்."

போனைக் கையில் எடுத்தார். அம்மாவின் பெயர்வரை போன விரல் அங்கேயே நின்றது. அம்மையார் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

ஜெராக்ஸ் அண்ணா போனை மேசையில் வைத்துவிட்டு, பட்டியலில் புதிதாக ஒரு வரி சேர்த்தார். பெயர் என்ற கட்டத்தில் தன் பெயர். எண் என்ற கட்டத்தில் தன் எண். அனுப்பு என்றதும் மேசைமேல் போன் அதிர்ந்தது. எடுத்து, நினைவூட்டலை ஒருமுறை முழுதாகப் படித்து, எல்லோரும் பார்க்க மூன்றை அழுத்தினார்.