சாம்பியன் மாதையனின் பதினோரு சண்டைகள்

நாகலூருக்கு மேலே இருந்த அந்தக் காப்பி எஸ்டேட்டில் மாதையனைச் சாம்பியன் என்றுதான் கூப்பிடுவார்கள். வருடத்துக்கு ஒரே ஒரு சண்டை போடுவான். மீதி முந்நூற்று அறுபத்து நாலு நாளும் அந்த ஒரு நாளின் பெருமையிலேயே ஓட்டுவான். சோம்பேறி என்று நினைத்துவிட வேண்டாம். காப்பிச் செடியின் கிளைகளைக் கவாத்து வெட்டப் போனால் மற்றவர்கள் மூன்று வரிசை முடிப்பதற்குள் அவன் நாலு முடிப்பான். அவனைக் கெடுத்தது பெருமைதான். அந்தப் பெருமையை ஊட்டி வளர்த்தவர்கள் நல்லவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குத்துச்சண்டை அவனுக்கு வந்து சேர்ந்த விதமே வேடிக்கை. பத்தொன்பது வயதில், ஏற்காட்டில் பணக்காரப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றின் சமையற்கட்டில் வேலைக்கு இருந்தான். பெரிய வகுப்புப் பையன் ஒருவனுக்கு எடைக்குச் சரியான ஜோடி கிடைக்காத நாளில், வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் மாதையனைக் கூப்பிட்டு எதிரே நிறுத்துவார்கள். அவன் தடுக்கலாம், திருப்பி அடிக்கக் கூடாது. இரண்டு வருடம் தடுத்துத் தடுத்தே எங்கே அடிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டான்.

எஸ்டேட்டில் வேலை நிரந்தரமாகி, காவேரியைக் கட்டி, எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் குடித்தனம் வைத்த பிறகு புது மேனேஜர் ஒருவர் வந்தார். கிளப்பில் மற்ற எஸ்டேட்காரர்கள் குதிரை, நாய் என்று பீற்றிக்கொள்ளும்போது தனக்கும் ஒன்று வேண்டும் என்ற ஆசை அவருக்கு. மாதையனின் கதை காதில் விழுந்ததும் சேலத்திலிருந்து இரண்டு ஜோடி கையுறை வரவழைத்தார். பழம் பறிப்பு முடிந்து பிப்ரவரியில் நடக்கும் விளையாட்டு விழாவில் குத்துச்சண்டையும் சேர்ந்தது. அது எழுபத்தெட்டாம் வருடம்.

முதல் சண்டையில் லாரி கிளீனர் ஒருவனுக்கு இரண்டு பல் போயிற்று. அடுத்த வருடம் யாரும் முன்வரவில்லை. ஆனால் விழாவுக்கு முந்தின வாரம் எப்படியோ ஓர் ஆள் கிடைத்தான். அதற்கடுத்த வருடமும் கிடைத்தான். ஒவ்வொருவனும் இரண்டாவது ரவுண்டில் விழுந்தான். மேனேஜர் கோப்பை கொடுத்தார், படம் பிடித்தார். விழுந்தவன் டெம்ப்ரவரி ஆளாக இருந்தால் சித்திரைக்குள் பெர்மனென்ட் ஆனான். லைன் வீடும், வருடத்துக்கு ஒரு கம்பளியும், பி.எஃப்பும் அவனுக்கு வந்தன.

இதைப் பார்த்து மாதையன் என்ன நினைத்தான் தெரியுமா?

"என்ர கையில ரெண்டு ரவுண்டு நின்னவனுக்கே பெர்மனென்ட் குடுக்கறாரு பாத்தியா. அந்தத் தைரியத்துக்குக் குடுக்கறாரு" என்று காவேரியிடம் சொன்னான். காவேரி ராகிக் களியைக் கிண்டிக்கொண்டே "ஆமாங்க" என்றாள்.

பட்டாளத்திலிருந்து திரும்பி டீக்கடை வைத்திருந்த செல்வராஜ் மட்டும் அவனைச் சீண்டுவார். ரெஜிமெண்டில் குத்துச்சண்டை ஆடியவர் அவர்.

"ஏம்ப்பா சாம்பியனு, வருசத்துக்கு ஒரு சண்டையா? நாங்க மாசத்துக்கு ரெண்டு போடுவோம்."

"பேப்பர்ல வந்துதுங்க. அமெரிக்காவுல பெரிய சாம்பியனே வருசத்துக்கு ஒண்ணோ ரெண்டோதானாமுங்க."

"அவன் யாரோட போடறான்னும் எழுதியிருப்பானே. அதைப் படிச்சியா?"

மாதையன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். பொறாமை பிடித்த கிழம் என்று முணுமுணுத்தபடி, மறுநாளிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக் கடைக்குப் போனான். ஆனாலும் அந்தப் பேச்சு உறுத்தியிருக்க வேண்டும். சேலத்தில் மில் ஆட்களோடு ஒரு சண்டை போட்டு வரட்டுமா என்று மேனேஜரிடம் கேட்டான். "நீ இந்த மலைக்கே ராஜா. கீழே போய் உனக்கென்ன வேலை?" என்றார் அவர். இவனும் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தான்.

எண்பத்தேழில் பத்தாவது சண்டை. எதிராளி சித்தன். ஏழு வருடமாக டெம்ப்ரவரி, இரண்டு பிள்ளைகள், தங்கியிருந்தது தகரக் கொட்டகையில். விழா அன்று காலையில் மாதையன் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து நின்றான்.

"ஏனுங்கண்ணா, ஒரு வார்த்தைங்க. ரெண்டாவது ரவுண்டுல எந்தக் கையில வருவீங்கன்னு சொல்லீட்டீங்கன்னா அதுக்குத் தக்கன உழுந்துக்குவனுங்க. போன வருசம் வெள்ளையன் மாத்தி உழுந்து தோள்பட்டை எறங்கிப் போச்சுங்களே."

"நீ எதுக்குடா உழுகறே?"

அண்ணன் விளையாடுகிறார் என்று சித்தன் சிரித்தான். "பெர்மனென்டுக்குத்தானுங்க. நாளைக்கே பேரு எழுதிக்கறன்னு ஆபீஸ் ரைட்டர் சொல்லியிருக்காருங்க." பிறகுதான் மாதையனின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றுபோயிற்று. "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுட்டனுங்கண்ணா."

முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட மாதையன் அங்கேயே நின்றான். இரண்டாம் வருடத்திலிருந்து ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தது. எட்டுப் பேர். எட்டுப் பேரும் இரண்டாவது ரவுண்டு. ஒருவனுக்காவது மூக்கில் ரத்தம் வந்திருந்ததா என்று யோசித்தான். வந்ததாக நினைவில்லை. பத்து வருடம் ஒருவனுக்கு இது உறைக்கவில்லை என்றால் அவனை என்னவென்று சொல்வது? ஆனால் பாராட்டை யார் சோதித்துப் பார்க்கிறார்கள், நீங்களும் நானும்தான் பார்க்கிறோமா?

மைதானத்தில் நாலு மூங்கில் நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்குள் போனதும் மாதையன் சித்தனிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். "நெசமா அடி. நானும் நெசமா அடிக்கறேன். ஒரு சண்டையாச்சும் சண்டையா இருக்கட்டும்."

"ஏழு வருசமுங்கண்ணா" என்றான் சித்தன். 

முதல் ரவுண்டு முழுக்க மாதையன் நெஞ்சைத் திறந்து கொடுத்து நின்றான். சித்தனின் கை பஞ்சு மாதிரி வந்து பட்டுப் பட்டுத் திரும்பியது. இரண்டாவது ரவுண்டில் மாதையனுக்கு வெறி வந்துவிட்டது. வேண்டுமென்றே, முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, வெறும் காற்றில் வலது கையை வீசினான். இப்போதாவது ஊர் சிரிக்கட்டும், எல்லாச் சாயமும் வெளுத்துப் போகட்டும் என்று வீசினான்.

சித்தன் விழுந்தான்.

ஊர் சிரிக்கவில்லை, கை தட்டியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த எட்டுப் பேரும் பெண்டாட்டி பிள்ளைகளோடு கை தட்டினார்கள், மற்றவர்களைவிடப் பலமாகவே தட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் காவேரி. அவளும் தட்டிக்கொண்டிருந்தாள். தெரியாமல் இருந்தவன் தான் மட்டுமே என்பது அப்போதுதான் மாதையனுக்கு விளங்கியது.  கோப்பையை யார் கொடுத்தார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டான். "உனக்கு எப்ப இருந்து தெரியும்?"

"ரெண்டாவது வருசத்துல இருந்துங்க."

"ஏன் சொல்லலே?"

"எப்பிடிங்க சொல்றது? கோப்பையைத் தொடச்சுத் தொடச்சு வெப்பீங்க." பிறகு மீதியையும் சொன்னாள். "அத்தனை ஊட்டுல உங்களாலதான் அடுப்பு எரியுது. சொன்னா நீங்க நிறுத்திப் போடுவீங்களே."

நிறுத்துவது என்றுதான் அவன் முடிவு செய்தான். அடுத்த தை மாதம், ரைட்டரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருவதற்காகச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான். வாசலில் பொன்னாயி நின்றுகொண்டிருந்தாள். பழம் பறிக்கும் கூடை இன்னும் இடுப்பில் இருந்தது. அவள் புருஷன் மாதப்பன் ஐந்து வருடமாக டெம்ப்ரவரி.

"இந்த வருசம் எங்க ஊட்டுக்காரரு பேரைச் சொல்லியிருக்காங்கண்ணா."

மாதையன் செருப்பை மாட்டினான்.

"கோவிச்சுக்காதீங்க. போன வருசம் நீங்க அடிச்சது படவே இல்லைன்னு மேனேஜரோட விருந்தாளிக சொல்லீட்டாங்களாமுங்க. அவரு சித்தனோட பெர்மனென்டுக்குக் கையெழுத்துப் போடாம மூணு மாசம் இழுத்தடிச்சாருங்க. அதனால..." அவள் கூடையை இறக்கி வைத்தாள். "கையை முகத்துக்கிட்டக் கொண்டு வந்து வெடுக்குன்னு திருப்புங்கண்ணா. அப்பத்தான் பட்ட மாதிரி இருக்கும். இவரு தலையைப் பின்னால சாச்சுக்குவாரு. நான் ஊட்டுல நின்னு பழக்கியிருக்கறனுங்க."

காப்பி பறிக்கிற பெண் சாம்பியனுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்தாள். வாசலில் நின்றபடியே கையை இப்படியும் அப்படியும் வீசிக் காட்டினாள். மாதையன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "இன்னொருக்கா காட்டு" என்றான்.

அந்தப் பிப்ரவரியில் மாதப்பன் இரண்டாவது ரவுண்டின் கடைசியில் தலையைச் சாய்த்து, மல்லாக்க விழுந்தான். ஒரு குறையும் சொல்ல முடியாது. பதினோரு வருடத்தில் தான் பார்த்த மிகச் சிறந்த சண்டை அதுதான் என்று மேனேஜர் ஒலிபெருக்கியில் சொன்னார். மாதையன் கும்பிட்டுக் கோப்பையை வாங்கிக்கொண்டான்.