எங்கள் ஜீப்பு பானட்டில் குடியிருந்த எலிகள்

ஆள் ஏற்றும் ஜீப்பு வைத்துப் பிழைக்கிறவர்கள் மலைக்குப் பயப்படுகிறோம் என்று வெளியில் சொல்லிக்கொள்வோம். உண்மையில் நாங்கள் பயப்படுவது எலிக்கு.

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எழுத உட்கார்ந்ததிலிருந்து எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எந்த வயர் எங்கே போய்ச் சேரும் என்று தெரியாது. மெக்கானிக் சொன்னதை நான் ஒரு மாதிரி புரிந்துகொண்டு, இன்னொரு மாதிரி எழுதி, அதைப் படித்துவிட்டு நீங்கள் உங்கள் வண்டியில் கையை வைத்து ஏதாவது ஆகிவிட்டால்? ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். நிறுத்தி வைத்த வண்டியில் எலி புகுந்து நிம்மதி கெட்டவர்கள் என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறீர்கள். கார் வைத்திருக்கிறவர்கள் மட்டும் ஏதோ ஆகாத வியாதி வந்ததுபோல மூடி மறைக்கிறீர்கள். எனக்குத் தெரியும், உங்கள் பானட்டிலும் புழுக்கை கிடக்கிறது.

எங்கள் ஜீப்பு போடியில் வீட்டுச் சந்தில், தகரக் கொட்டகைக்குள் நிற்கும். காலையில் ராசிங்காபுரத்துப் பெண்கள் பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கம் கேரளாவில் இருக்கிற ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். முழங்கால் போகிறவரை என் வீட்டுக்காரர் ஓட்டினார். இப்போது சுருளி என்று ஒரு டிரைவர் ஓட்டுகிறார். வழியில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். எலி தப்பான இடத்தில் ஒரு கடி கடித்தால் அந்தப் பதினோரு பேர் வீடு திரும்புவது நிச்சயமில்லை. நான் சிரிப்பாகச் சொன்னாலும் இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஹாரனுக்குப் பதில்

எலி முதலில் தின்றது ஹாரன் வயரை. மலை ஏறத் தொடங்கும் இடத்தில் சுருளி ஹாரனை அழுத்தியிருக்கிறார். சத்தமே இல்லை. பானட்டைத் திறந்தால் வயர் இரண்டு துண்டு. பக்கத்தில் கறுப்பு அரிசி கொட்டியதுபோலப் புழுக்கை. திரும்பிவிடலாம் என்றார் சுருளி. பெண்கள் விடவில்லை. தோட்டத்தில் ஒரு மணி நேரம் பிந்திப் போனால் அரை நாள் கூலி போச்சு. எலி கடித்தது என்று சொன்னால் அந்தத் தோட்டத்து சூப்பர்வைசர் யாரைக் கடித்தது என்று கேட்கிற ஆள்.

அந்தப் பெண்களைச் சேர்த்துக் கூட்டி வருகிறவர் செல்லக்கிளியக்கா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். "நீ ஓட்டுப்பா, ஹாரனுக்கு நாங்க ஆச்சு" என்றாராம். அதன்பிறகு ஒவ்வொரு வளைவிலும் பதினோரு பேரும் சேர்ந்து குலவை போட்டிருக்கிறார்கள். மேலிருந்து இறங்கி வந்த பஸ்சு அப்படியே ஓரமாக நின்றுவிட்டது. பஸ்சு டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "எந்தக் கோயில் முளைப்பாரி ஆத்தா இது?" என்று கேட்டிருக்கிறார். செல்லக்கிளியக்கா ஜீப்புக்குள்ளிருந்து தலையை நீட்டிச் சொன்ன பதில் இது: "எலிச்சாமி வருது அப்பு, ஒதுங்கி நில்லு!"

சோதனைச் சாவடியில்

வண்டிக் காகிதங்களை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்திருந்தோம். ஒருநாள் எல்லையில் வண்டியை நிறுத்திக் கேட்டார்கள். சுருளி உறையை எடுத்து அப்படியே நீட்டியிருக்கிறார். உள்ளே பொடிப்பொடியாக ஏதோ இருந்தது. அதற்கு நடுவே ஜீப்பு நம்பரின் கடைசி இரண்டு எண் மட்டும் முழுசாகத் தெரிந்ததாம். செக்போஸ்ட்காரர் உறையைக் கவிழ்த்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சேட்டா, இது பேப்பராணோ, அவலாணோ?"

ஒட்டுற அட்டை

விஷம் வைக்க வழியில்லை. பெண்களின் சோற்று வாளிகள் எல்லாம் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். அதனால் என் வீட்டுக்காரர் எலி ஒட்டிக்கொள்கிற பசை அட்டை வாங்கி வந்தார். இருபத்தைந்து வருடம் இதே மலையில் வண்டி ஓட்டிய மனிதர். அட்டையை எங்கே வைத்தார் தெரியுமா? டிரைவர் கால் வைக்கிற இடத்தில், கிளட்சுக்குக் கீழே. "எலி அந்த வழியாத்தான் வருது, நான் கண்ணால பாத்தேன்" என்று எனக்கே பாடம் நடத்தினார். வைத்ததைச் சுருளியிடம் சொல்ல மட்டும் மறந்துவிட்டார்.

மறுநாள் விடிவதற்கு முன்னால், இருட்டில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுருளி ஏறி உட்கார்ந்தார். அவர் வெறுங்காலோடு ஓட்டுகிறவர். வண்டி இன்னும் கொட்டகையை விட்டு நகரவில்லை, அது நாங்கள் செய்த புண்ணியம். கிளட்சை மிதிக்கக் காலைத் தூக்கினால் அட்டையும் சேர்ந்து வருகிறது. அட்டையைப் பிடுங்கக் கையை வைத்தார், கையும் ஒட்டிக்கொண்டது. மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து நான் தேய்த்துவிட, என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று வண்டியை எந்தத் தேதியில் வாங்கினோம் என்று யோசிக்கிற மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுருளி அவரிடம் சொன்னார்: "எலி தப்பிச்சுருச்சுண்ணே, டிரைவர் மாட்டிக்கிட்டேன். தண்ணி வாளிக்குள்ள போட்டு முக்கிறாதீக."

காட்டமான வாசம்

ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். புகையிலையைக் கட்டித் தொங்கவிடு என்றார்கள். கட்டினோம், அடுத்த தெருக்காரர் ஒருவர் தினமும் வந்து பானட்டைத் திறந்து ஒரு கிள்ளு எடுத்துக்கொண்டு போனதுதான் மிச்சம். அந்துருண்டை போடு என்றார்கள். போட்டோம், பெண்களுக்குத் தும்மல் வந்தது, எலிக்கு வரவில்லை. அப்புறம் ஒருநாள் என் வீட்டுக்காரர் போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டார்.

"இந்தா, இதுல சொல்லுறான் பாரு. எலிக்குக் காட்டமான வாசம் ஆகவே ஆகாதாம்."

"உங்க பீடி வாசத்துக்கே போகலையே" என்றேன்.

வாயில் அப்படிச் சொன்னேனே தவிர, என் புத்தி வேறு பக்கம் ஓடியது. காட்டமான வாசம் என்றால் போடியில் பஞ்சமா? ஏலக்காய் தரம் பிரிக்கிற ஸ்டோரில் கழித்துப் போட்ட காயை இரண்டு படி வாங்கினேன். பழைய பாவாடைத் துணியில் சின்னச் சின்னப் பையாகத் தைத்தேன். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒன்று, ரேடியேட்டருக்குப் பக்கத்தில் ஒன்று என்று பார்த்துப் பார்த்துத் தொங்கவிட்டேன். ஜீப்பு பாயாசம் மாதிரி மணந்தது. எனக்கே பெருமையாக இருந்தது, அதை மறைப்பானேன்.

மறுநாள் பார்த்தால் பைகள் எல்லாம் கிழிந்து கிடந்தன. எலி காயை உரித்து, விதையை மட்டும் தின்றுவிட்டு, தோலை ஒரு ஓரமாகக் குவித்து வைத்திருந்தது. கல்யாண வீட்டில் பந்தி முடிந்து இலை எடுக்கிறவர்கள்கூட அத்தனை சுத்தமாக எடுக்க மாட்டார்கள். போடியில் பிறந்து வளர்ந்தவள்தான் நான். ஆனால் எனக்கு ஏலக்காய் என்றால் மூட்டையில் வருவது. அது செடியின் அடியில், மண்ணை ஒட்டிக் காய்ப்பதும், அந்தக் காய்க்காகவே எலிகள் தோட்டத்தைச் சுற்றுவதும், தினமும் அங்கே குனிந்து எடுக்கிறவர்களுக்குத்தான் தெரியும். சாயங்காலம் எங்கள் வீட்டு முன்னால் ஜீப்பு நின்றபோது அந்தப் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். செல்லக்கிளியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஏத்தா, மலையில அது திங்கிதுன்னு நாங்க பொறி வைக்கிறோம். நீ அதுக்குக் கீழ பை தச்சு ஊட்டி விடுறயே!"

பூனை

பக்கத்து வீட்டுப் பூனையை ஒரு வாரத்துக்குக் கடன் வாங்கிக் கொட்டகையில் விட்டோம். அது மூன்றாம் நாள் ஜீப்புக்குள் ஏறிப் படுத்து, யாருக்கும் தெரியாமல் மலைக்குப் போய், தோட்டத்தில் குதித்து இறங்கி, ஒரு பெண்ணின் நெத்திலிக் கருவாட்டைத் தின்றுவிட்டு அங்கேயே தங்கிவிட்டது. பூனையைக் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் சுருளி சொன்னது: "உங்க பூனைக்கு எஸ்டேட்டுல வேல கெடச்சிருச்சு மதினி, இனி தீவாளிக்குத்தான் வரும்."

பிரேக்கு

இதற்கு மேல் சொல்வதில் சிரிப்பு கம்மி.

ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம். மூடுபனி இறங்கியிருந்தது. பதினோரு பேரையும் ஏற்றிக்கொண்டு சுருளி இறங்கி வருகிறார். கீழே இருந்து ஐந்தாவது வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தபோது கால் சேற்றில் இறங்குவதுபோல உள்ளே போயிருக்கிறது. திரும்பத் திரும்ப மிதித்தும் பிடிக்கவில்லை. கியரைக் குறைத்து, மலைப்பக்கத்து வடிகாலில் சக்கரத்தை இறக்கி, பாறையில் உரச உரச வண்டியை நிறுத்தியிருக்கிறார். ஒருவருக்கும் அடி இல்லை. மிச்ச ஐந்து வளைவையும் அத்தனை பேரும் நடந்தே இறங்கினார்கள். அன்றைக்குக் குலவை இல்லை என்றார் சுருளி.

பிரேக் ஆயில் போகிற ரப்பர் ஓஸில் எலி பல் பட்டிருந்தது. பகல் முழுக்கச் சொட்டுச் சொட்டாக ஒழுகியிருக்கிறது. வண்டியைக் கட்டி இழுத்து வந்த மெக்கானிக், ஓஸை மாற்றிவிட்டு, எதற்கும் பார்ப்போம் என்று என்ஜினுக்குக் காற்று போகிற டப்பாவின் மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு கைப்பிடி பொரி. பொட்டுக்கடலை. ஒரு துண்டு வெல்லம். "இத யாரு இங்க கொண்டாந்து வச்சது?" என்றார்.

எலிதான் சேர்த்து வைத்தது. ஆனால் எடுத்தது என்னிடமிருந்து. வெள்ளிக்கிழமை தவறாமல் ஜீப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, பொரிகடலை படைப்பேன். வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூசைக்குச் செய்தால் போதாதா என்று என் வீட்டுக்காரர் கேட்பார். மலைக்குப் போகிற வண்டி, எனக்குப் பயம். பானட்டுக்கு மேலே வைப்பது போதாது என்று பானட்டைத் திறந்து என்ஜினைச் சுற்றியும் ஒரு பிடி தூவுவேன். சாமிக்குப் படைத்ததைக் கூட்டித் தள்ளக் கூடாது என்று சுருளியைத் துடைக்கவும் விடமாட்டேன். அந்தப் பதினோரு பேரும் பத்திரமாக வரவேண்டும் என்று நான் வாரம் தவறாமல் செய்ததுதான் எலியைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மெஸ்சு நடத்துறீங்க, அப்புறம் ஆள் வருது ஆள் வருதுன்னு பொலம்புறீங்களேக்கா."

முன்சீட்டு

இரண்டு நாள் கழித்து ஜீப்போடு நானும் ராசிங்காபுரம் போனேன். பெண்கள் வாளியும் கையுமாக நின்றார்கள். ஒருவரும் ஏறவில்லை. வேறு ஜீப்புக்குச் சொல்லிவிட்டார்களோ? கொட்டகையில் பொறி வைத்துவிட்டோம், புது ஓஸ் போட்டாயிற்று, எல்லாம் சரியாகிவிட்டது என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். பொரியைப் பற்றியும் சொன்னேன். சொல்லாமல் இருந்தாலும் சுருளி சொல்லியிருப்பார்.

செல்லக்கிளியக்கா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ இந்த வண்டியில எத்தன தடவ மலைக்குப் போயிருக்கத்தா?" என்றார். நான் போனதில்லை. பஸ்சில் போனாலே இரண்டாவது வளைவில் எனக்கு வாந்தி வந்துவிடும். அதைச் சொன்னேன். அவர் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "வாந்தி வந்தா எடு, பை தாரேன். மொத நீ ஏறு, பெறகு நாங்க ஏறுறோம்."

ஏறினேன். அன்றைக்கு மட்டும் என்று நினைத்துத்தான் ஏறினேன். அது ஆறு மாதமாக நடக்கிறது. இப்போது விடியுமுன் எழுந்து கொட்டகைக்குப் போகிறேன். பானட்டைத் திறந்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு ஓஸையும் விரலால் தடவிப் பார்க்கிறேன். என்ஜினுக்குள் எலி நுழைகிற ஓட்டை ஒவ்வொன்றுக்கும் கம்பி வலை அடித்தாயிற்று. கொட்டகையில் மூலைக்கு ஒரு பொறி. சீட்டுக்கு அடியில் ஒரு சோற்றுப் பருக்கை கிடந்தாலும் பொறுக்கி வெளியே போடுகிறேன். வெள்ளிக்கிழமைப் பொரியைப் பெண்களின் கையில் கொடுத்து, அவர்கள் தின்று முடிக்கிறவரை பக்கத்திலேயே நிற்கிறேன். கடைசியாக நானே டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கைப் பத்துத் தடவை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் சுருளியிடம் சாவியைக் கொடுத்து, ஒரு கையில் பிளாஸ்டிக் பையோடு முன்சீட்டுக்கு மாறுகிறேன். அதன்பிறகு ஒரு வயர்கூட அறுந்ததில்லை.

எலியை விரட்டப் புகையிலையும் பூனையும் தேடி அலைகிறவர்களுக்கு நான் கண்டுபிடித்த ஒரே மருந்தைச் சொல்கிறேன்: வண்டியின் முதலாளியைத் தினமும் அதே வண்டியில் ஏற்றி மலைக்கு அனுப்புங்கள்.