உலகக் கிண்ணத்துக்குப் போகாத பிரதம விருந்தினர்

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் மரக்கறிக் கடைக்கு வருகிற பிரேசில்காரர்கள் பெரும்பாலும் மரவள்ளிக்கிழங்குக்காகத்தான் வருவார்கள். அவர்களும் நம்மைப்போல அவித்துத்தான் தின்கிறார்கள். நாங்கள் சம்பலோடு, அவர்கள் வெண்ணெயோடு. அப்படி வந்தவர்தான் அந்தப் பெரியவர். வயது தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தெருவில் மகளோடு இருந்தார். கிழங்கின் நுனியை உடைத்துப் பார்ப்பார். உள்ளே கறுப்புக் கீறல் இருந்தால் திருப்பி வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார், நானே உள்ளே இறங்கிக் கீறிவிட்டு வந்ததுபோல.

அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே தரம். இரண்டும் லண்டன் தெருவில் பொறுக்கியவை. அதனால் எங்களுக்குள் வெட்கம் இருக்கவில்லை.

ஒரு நாள் கல்லாவுக்குப் பக்கத்தில் போனைச் சாத்தி வைத்து உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"அவன் பந்தைப் பார்த்து ஓடுகிறான். பந்து வரப்போகிற இடத்துக்கு ஓட வேண்டும்" என்றார்.

"நீங்கள் விளையாடியிருக்கிறீர்களா?"

"அதுதான் என் தொழில்."

அதற்குப் பிறகு கிழங்கோடு கிழங்காகக் கதையும் வந்தது. துணி ஆலை இருந்த சின்ன ஊரில் பிறந்தவர். காலையில் ஆலையில் தறி, பின்னேரம் ஆலை அணியில் பயிற்சி. இடதுபக்க முன்வரிசை. எங்கள் ஊர்ப் பந்தடியில் 'லெப்ட் இன்' என்போமே, அந்த இடம். ஒரு பெரிய நகரத்துக் கழகம் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது. மழைக்காலத்தில் தோல் பந்து தண்ணீரைக் குடித்துவிட்டுக் கல்லாகிவிடுமாம். "தலையால் அடித்தால் இரவு வரை ஆலைச் சத்தம் கேட்கும்" என்பார்.

சுவீடனில் உலகக் கிண்ணம் நடந்தபோது பிரேசில்தான் வென்றது. அதற்கு முன், மலைநாட்டு ஊரொன்றில் நடந்த பயிற்சி முகாமுக்கு இவரையும் அழைத்திருந்தார்கள். விமானத்தில் ஏறப்போகிறவர்களைவிட முகாமில் இருந்தவர்கள் அதிகம். கடைசியில் பெயர் வாசித்தபோது இவர் பெயர் வரவில்லை. ஒரே ஊர், ஒரே அறை, இவருடைய அதே இடத்தில் விளையாடிய நண்பனின் பெயர் வந்தது. நண்பன் மெடலோடு திரும்பினான். இவர் இன்னும் சில வருடங்கள் விளையாடி, முழங்கால் போனதும் பழைய ஆலைக்கே மேற்பார்வையாளராகப் போனார்.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வெகுகாலம் கழித்து ஊர்க்காரர்கள் ஊர் வாசலில் வளைவு ஒன்று கட்டி, அதில் இரண்டு பேரையும் உலகக் கிண்ண வீரர்கள் என்று எழுதிவிட்டார்கள். இவரிடம் யாரும் கேட்கவில்லை. பத்திரிகை ஒன்று, இன்னொருவன் மெடலை இவர் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார் என்று எழுதியது. நண்பனும் அதை நம்பினான். சாகும் வரை இவரோடு பேசவில்லை. நண்பனின் மகனும் பேசுவதில்லை.

"வளைவை நான் கட்டவில்லை. ஆனால் அதற்குக் கீழே நடந்து போனவன் நான்தானே" என்றார் பெரியவர்.

இந்த நேரத்தில் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் கோடைக்காலப் பந்தடிப் போட்டி வந்தது. நம் ஆட்களுக்குப் பிரதம விருந்தினர் இல்லாமல் ஒரு பந்தும் உருளாது. மாலை வேண்டும், பொன்னாடை வேண்டும், கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துமடல் வேண்டும். செயலாளருக்கு அந்த வருடம் ஆள் அகப்படவில்லை. நான் பெரியவரைப் பற்றிச் சொன்னேன். முகாம் வரைக்கும் போனவர், அதற்கு மேல் இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். பெரியவரும் சந்தோஷமாகச் சம்மதித்தார்.

போட்டிக்கு முந்தின வாரம் வாட்ஸப்பில் விளம்பரம் வந்தது. 'பிரேசில் தந்த உலகக் கிண்ண நாயகன்!' கீழே பெரியவரின் முகம். கையில் தங்கக் கிண்ணம். யாரோ ஒருவரின் உடம்பில் முகத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

நான் செயலாளருக்குப் போன் அடித்தேன். "என்ன தம்பி செய்து வைச்சிருக்கிறீர்?"

"அண்ணை, முகாமுக்குப் போனவர் எண்டு போட்டா ஆர் வருவினம்? அகதி முகாம் எண்டெல்லோ சனம் நினைக்கும்."

"அந்த மனிசன் இதாலைதான் சினேகிதனை இழந்தவர்."

"அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமோ? இல்லையெல்லோ. பேந்தென்ன? பானரும் அடிச்சாச்சு, வாழ்த்துமடலும் அடிச்சாச்சு. இனி மாத்த ஏலாது. பேசாமல் விடுங்கோ."

என் மனைவி வெங்காயம் நிறுத்தபடியே, "சொல்லுறதெண்டா இண்டைக்கே சொல்லுங்கோ. மாலையைப் போட்டாப் பிறகு கழட்டுறது கஷ்டம்" என்றாள்.

நான் சொல்லப் போகும் முன்பே பெரியவரின் மகள், யாரோ அனுப்பிய விளம்பரத்தைக் காட்டப் போனோடு கடைக்கு வந்துவிட்டார். பின்னால் பெரியவர். தமிழ் தெரியாவிட்டால் என்ன, கிண்ணம் எல்லா மொழியிலும் கிண்ணம்தானே.

பெரியவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "கிண்ணம்கூடப் பிழை. அந்தக் காலத்துக் கிண்ணம் இதில்லை" என்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார். "இந்த வயதில் மறுபடியும் என்னைக் கள்ளனாக்காதே."

மகள் போக வேண்டாம் என்றார். நானும் அதைத்தான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "போகாவிட்டால் அந்தப் படம்தான் மிஞ்சும். நான் வருகிறேன். எனக்கு மைக் வேண்டும்."

அன்று மைதானத்தில் கொத்து ரொட்டிச் சத்தத்துக்கு நடுவே பெரியவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அறிவிப்பாளர் அடுக்கடுக்காகப் பட்டங்களை அவிழ்த்துவிடத் தொடங்கியதும், பெரியவர் கையை நீட்டி மைக்கை வாங்கிக்கொண்டார். அவர் போர்த்துக்கீசில் பேச, மகள் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்.

"என்னைப் பற்றி இங்கே எழுதியிருப்பது பிழை. நான் உலகக் கிண்ணத்துக்குப் போகவில்லை. என் நண்பன் போனான்."

செயலாளர் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரியவர் அடுத்த வசனத்தைச் சொன்னார். மகள் அதை மொழிபெயர்க்கவில்லை. தகப்பனிடம் திரும்பி ஏதோ கேட்டார். அவர் தலையாட்டினார். அதன் பிறகுதான் எனக்குச் சொன்னார், நானும் சொன்னேன்.

"அந்த வாரம் அவன் என்னைவிட நன்றாக விளையாடினான். ஆட்களைத் தெரிவு செய்யும் வேலை என் கையில் இருந்திருந்தாலும், அவனைத்தான் எடுத்திருப்பேன்."

மகள் பிறகு சொன்னார், பயிற்சியாளர் அநியாயம் செய்துவிட்டார் என்றுதான் வீட்டில் காலம் முழுக்கக் கேட்டு வளர்ந்தாராம். அது பொய் என்று, முன்பின் தெரியாத தமிழர்கள் மத்தியில் வைத்துத்தான் அவருக்கே தெரிய வந்தது.

அதற்குள் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "ஐயா, மொத்தம் எத்தினை கோல் அடிச்சனீங்கள்?"

"நான் எண்ணவில்லை. பத்திரிகைகள் எண்ணின. எல்லாரும் வேறு வேறு கணக்குச் சொன்னார்கள்."

அப்போதுதான் சிரிப்பும் கைதட்டும் வந்தன. வாழ்த்துமடலை நீட்டியபோது, என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார். வாசித்துச் சொன்னேன். வாங்க மறுத்துவிட்டார். ஆனால் எல்லா ஆட்டக்காரருக்கும் கைகொடுத்தார், முதல் பந்தையும் உருட்டிவிட்டார்.

மறுநாள் காலை செயலாளர் வாட்ஸப்பில் திருத்தம் போட்டார். 'எமது பிரதம விருந்தினர், உலகக் கிண்ண அணிக்குத் தெரிவு செய்யப்படாத புகழ்பூத்த வீரர் என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம்.' நான் போன் அடித்து, "மகிழ்ச்சியுடன் ஏன் தம்பி?" என்று கேட்டேன். "அது வழமையாப் போடுறது அண்ணை" என்றார்.

பெரியவருக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னார். பிறகு மகளிடம், அதையும் யாரோ எடுத்த மைதான வீடியோவையும் நண்பனின் மகனுக்கு அனுப்பச் சொன்னார்.

சில நாட்களாகப் பதில் வரவில்லை. ஒரு நாள் பெரியவர் கடையில் நிற்கும்போது மகள் போனோடு ஓடி வந்தார். பிரேசிலிலிருந்து குரல் செய்தி. முதலில், அந்தத் திருத்தத்தில் இருப்பது என்ன எழுத்து என்று நண்பனின் மகன் கேட்டிருந்தார். அடுத்து, அந்த முகாமில் என்ன நடந்தது என்று கேட்டிருந்தார். அவருடைய அப்பாவும் வீட்டில் அதைப் பற்றி வாய் திறந்ததில்லையாம்.

பெரியவர் வாழைக்காய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, போனை வாயருகே பிடித்துப் பேசத் தொடங்கினார். குரல் உயர்ந்தது, கை வீசியது, இடது கால் தானாக முன்னே போனது. சனம் அவரைச் சுற்றி வளைந்து போய்ச் சாமான் எடுத்தது.

முருங்கைக்காய் வாங்க வந்த ஒரு அக்கா என்னிடம் குனிந்து, "இந்த ஐயா ஆரோடை சண்டை பிடிக்கிறார்?" என்று கேட்டார்.

"சண்டையில்லை அக்கா. பந்தடி" என்றேன்.