எண்ணெய் துடைத்த கம்பிகள்

சடகோபனுக்கு மெல்போர்னில் பிடிக்காதவை பல. டிராமில் தன் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே வருவது, டிபன் டப்பாவைத் திறந்தால் நாலு பேர் மூக்கைச் சுளிப்பது, அக்டோபர் பிறந்தும் குளிர் விடாமல் இருப்பது. இதையெல்லாம் ஒரு தட்டில் போட்டு, மறு தட்டில் டாக்டர் இந்திரகுமாரை நிறுத்தினால், இந்திரகுமார் பக்கம்தான் தாழும்.

இத்தனைக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் இயந்திரவியல் துறையில் தமிழர் இவர்கள் இரண்டே பேர். சடகோபன் திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் வருஷக்கணக்காகப் பாடம் நடத்திவிட்டு, முப்பத்தைந்து வயதில், டாக்டர் பட்டம் இல்லாமல் பதவி உயர்வு கிடையாது என்று தெரிந்ததும் உதவித்தொகை வாங்கிக்கொண்டு வந்தவன். இந்திரகுமார் யாழ்ப்பாணத்துக்காரர். பேராதனையில் படித்து, லண்டனில் பட்டம் வாங்கி, வெள்ளையரல்லாதவருக்கு இந்த நாட்டின் கதவு ஒருக்களித்துத் திறந்ததுமே உள்ளே வந்து, சீனியர் லெக்சரராக உட்கார்ந்துவிட்டவர். சடகோபனின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியும் அவரே. தமிழ் வழிகாட்டி அமைந்துவிட்டார் என்று பிரன்ஸ்விக் வீட்டில் அவன் மனைவி பத்மா பாயசம் வைத்தாள். அந்தப் பால் வீண்.

முதல் நாள், "வணக்கம் சார்" என்று சடகோபன் அவர் அறைக்குள் நுழைந்தான். இந்திரகுமார் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"சடகோபன், ஒண்டு சொல்லுறன், கேளும். இந்தக் கட்டடத்துக்குள்ள நாங்கள் தமிழ் கதைக்கிறேல்ல. ரெண்டு கறுப்பர் சேர்ந்து தங்கட பாஷையில கதைச்சா, தங்களைப் பற்றித்தான் கதைக்கினம் எண்டு இவங்கள் நினைப்பாங்கள். விளங்குதோ?"

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவர் வாயிலிருந்து லண்டன் ரேடியோ இங்கிலீஷ் தவிர வேறு ஒன்றும் வரவில்லை. 'கேளுமாமே! நான் என்ன இவர் வீட்டு வேலையாளா?' என்று சடகோபன் அன்று ராத்திரி பத்மாவிடம் குதித்தான். யாழ்ப்பாணத்தில் 'நீர்' என்பது மரியாதைக் குறைவு இல்லை என்று அவனுக்கு யார் சொல்வது? சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பானா என்ன!

அவன் ஆராய்ச்சி உலோகத்தின் அயர்ச்சியைப் பற்றியது. மனிதனைப் போல இரும்புக்கும் அலுப்புத் தட்டும். சிறு எடைதான், ஆனாலும் மறுபடி மறுபடி வளைத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் பட்டென்று முறியும். ஒரு மோட்டாரில் கம்பியைப் பொருத்தி, அதன் நுனியில் எடையைத் தொங்கவிட்டு, முறிகிற வரை சுழல விடுவார்கள். எத்தனை சுற்றுத் தாங்கியது என்பதுதான் கணக்கு. கம்பியின் மேல்தோலை உருளையால் அழுத்தித் தேய்த்துவிட்டால் அதன் ஆயுள் கூடும் என்பது சடகோபனின் கட்சி. மேலே மயிரளவு கீறல் இருந்தாலும் விரிசல் அங்கேதான் பிறக்கும் என்பதால், ஒவ்வொரு கம்பியின் ஒடுங்கிய கழுத்தையும் கண்ணாடி போல மின்னும் வரை அவனே உப்புத்தாளால் தேய்ப்பான், எண்ணெய் பூசுவான், பஞ்சு பரப்பிய மரப்பெட்டிக்குள் குழந்தையைப் போலக் கிடத்துவான்.

எழுபத்தாறாம் வருஷக் கடைசியில் உதவித்தொகை முடிகிறது. கடைசித் தொகுதிக் கம்பிகள் நன்றாக வந்தால் இன்னும் ஒரு வருஷம் நீட்டிப்பார்கள். இல்லையென்றால் பட்டம் இல்லாமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தன்னிடம் படித்த பையன்களுக்குக் கீழே போய் நிற்க வேண்டும். பத்மா பக்கத்திலிருந்த காலுறை ஆலையில் இத்தாலியப் பெண்களோடு தையல் மெஷினில் உட்கார்ந்து விரல் நோகத் தைத்ததும் இதற்காகத்தான்.

அந்தச் சமயம் பார்த்து, இந்திரகுமார் அவன் மெஷினில் பங்கு போட ஓர் ஆளை அனுப்பினார். கெவின் என்று ஒரு கடைசி வருஷ மாணவன். ஃபுட்ஸ்கிரேயில் லாரி ஓட்டுகிறவரின் மகன், தோள் வரை தலைமுடி, கையில் எப்போதும் கோக் பாட்டில். மெஷினின் அதிர்வை அளப்பது அவன் ப்ராஜெக்ட். அதில் தேறினால் ரயில்வே பட்டறையில் வேலை காத்திருந்தது. சடகோபனை அவன் 'ஸாடி' என்று கூப்பிட்டான். கேட்கும்போதெல்லாம் சடகோபனுக்கு உச்சந்தலையில் சுள்ளென்றது.

நவராத்திரி வந்தது. "ஏன்னா, இந்த வருஷமாவது அந்த மெஷினுக்கு ஒரு பொட்டு வெச்சுட்டு வாங்கோ. நம்ம சோறு அதுலதானே இருக்கு" என்று பத்மா ஒரு பிலிம் டப்பாவில் சந்தனமும் இன்னொன்றில் குங்குமமும் கொடுத்தாள். "எல்லாத்துக்கும் வையுங்கோ. ஒண்ணுக்கு வெச்சு ஒண்ணை விட்டுடாதேள்!"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் பப்புக்குக் கிளம்பிய பிறகு, திருடனைப் போல அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு சடகோபன் ஆயுத பூஜை செய்தான். மெஷினுக்கு வைத்தான், லேத்துக்கு வைத்தான். கம்பிகளுக்கு வைக்கப் போனால் எண்ணெய் வழுக்கலில் சந்தனம் ஒட்ட மாட்டேன் என்றது. துணியால் எண்ணெயைப் பளிச்சென்று துடைத்தான். ஒவ்வொரு கம்பியின் கழுத்திலும் மோதிர விரலால் ஈரச் சந்தனம், அதன்மேல் ஒரு சிட்டிகை குங்குமம். பூஜையில் வைத்த ஆயுதத்தை விஜயதசமி முடியுமுன் தொடக்கூடாது அல்லவா? பெட்டியை மூடிவிட்டு வந்துவிட்டான். இரண்டு நாளும் விடாத தூறல். திங்கட்கிழமை போய், பக்தியோடு துடைத்து, மறுபடி எண்ணெய் பூசி, மெஷினில் மாட்டினான்.

முதல் கம்பி பாதி ஆயுள்கூடத் தாங்கவில்லை. இரண்டாவது அதைவிட மோசம். நவம்பர் நடுவுக்குள் பாதிப் பெட்டி காலி, வந்த கணக்கு ஒன்றும் உருப்படியில்லை. முறிந்த கம்பி கைக்கு வந்தால் முதலில் முறிந்த முகத்தைப் பார் என்று திருச்சியில் பிள்ளைகளுக்குத் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்தவன் இவன்தான். இப்போது பார்த்தானா? கெவினின் முகத்தைத்தான் பார்த்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

"அந்தத் தடிப்பயல்தான் எதையோ பண்றான். எடையை மாத்தறான், இல்லேன்னா என்னத்தையோ ஊத்தறான். ஏவி விடறது யாரு? அந்த மனுஷன்! நான் பட்டம் வாங்கிட்டா இன்னொரு தமிழன் தன் பக்கத்துல வந்து உக்காந்துடுவான்னு வயத்தெரிச்சல்!"

"பாக்காததைப் பாத்தேன்னு சொல்லாதீங்கோன்னா" என்றாள் பத்மா.

கேட்டால்தானே. துறைத் தலைவர் பேராசிரியர் வில்காக்ஸிடம் எழுத்தில் புகார் கொடுத்தான். மாணவன் கெவின் தன் கம்பிகளை வேண்டுமென்றே கெடுத்தான், வழிகாட்டி கண்டும் காணாமல் இருந்தார் என்று. கெவினின் ப்ராஜெக்டை நிறுத்தி வைத்தார்கள். நிரூபணமானால் அவனுக்கு வருஷம் போச்சு, வேலையும் போச்சு.

விசாரணைக்கு நாலு பேர் உட்கார்ந்தார்கள். வில்காக்ஸ், இந்திரகுமார், சடகோபன், கெவின். மேஜை நடுவில் மரப்பெட்டி. கெவின் அன்றைக்கு முடியைப் படிய வாரி, யாரிடமோ இரவல் வாங்கிய டை கட்டிக்கொண்டு வந்திருந்தான். டை அவனுக்குக் கழுத்தை அறுத்தது.

வில்காக்ஸ் பூதக்கண்ணாடியை எடுத்து முறிந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "விசித்திரமாக இருக்கிறதே! எல்லாம் ஒரே இடத்தில், கழுத்தின் நடுவில் முறிந்திருக்கிறது. சின்னச் சின்னக் குழிகள், வட்டமாக. யாரோ ஆசிட் சொட்டு விட்டது போல" என்று சொல்லிவிட்டுக் கெவினை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லை சார்" என்றான் கெவின்.

சொன்னேனா இல்லையா என்று சடகோபன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். மூன்று வருஷத்தில் அந்தக் கட்டடத்துக்குள் அவன் இவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்ததில்லை.

இந்திரகுமார் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். உள்ளே விரித்திருந்த பஞ்சைத் தூக்கினார். அதன் அடியில் மங்கலாகச் சிவப்பு அப்பியிருந்தது. விரலால் தொட்டார், மூக்கருகே கொண்டுபோனார். ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார்.

சடகோபன் அந்தச் சிவப்பைப் பார்த்தான். தன் மோதிர விரலைப் பார்த்தான். குழிகளின் வட்டம் அந்த நுனி அளவுதான். துடைத்த எண்ணெய், ஈரச் சந்தனம், மழையில் மூடிக்கிடந்த பெட்டி, எல்லாம் வரிசையாக வந்து முன்னால் நின்றன. ஐயோ, கெடுத்தது நானேவா!

இந்திரகுமார் பஞ்சை மெதுவாகக் கீழே வைத்தார். அவனைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தபடி, ஏதோ கணக்குச் சொல்வதுபோலத் தமிழில் சொன்னார்.

"இது குங்குமம். எண்ணெயைத் துடைச்சுப்போட்டு வச்சிருக்கிறீர், ஈரத்தில கிடந்து அரிச்சுப்போட்டுது. இவங்களுக்கு விளங்காது, விளங்கினா சிரிப்பாங்கள். நீர் பெடியன்ர மேல குடுத்த முறைப்பாட்டைத் திருப்பி எடும். பஞ்சில ஏதோ மருந்து இருந்ததெண்டு நான் சமாளிக்கிறன். உமக்கு நீட்டிப்பும் கிடைக்கும். பேசாம இரும்."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். ஆடியது. தன் சட்டத்தைத் தானே உடைத்துக்கொண்டு, வெள்ளைக்காரர் நடுவில், தன் பெயரையே பணயம் வைத்து அந்த மனிதர் கை நீட்டினார். நல்லவன் என்றால் அந்தக் கையைப் பிடித்திருப்பான், இல்லை கண்ணில் நீராவது விட்டிருப்பான். சடகோபனின் காதில் விழுந்ததெல்லாம் 'பேசாம இரும்' ஒன்றுதான். இவர் தயவிலா எனக்குப் பட்டம்? ஆயுசுக்கும் இந்த ஆள் முன்னால் தலை குனிந்து நிற்பதா?

"என்ன சொன்னார்?" என்று வில்காக்ஸ் கேட்டார்.

சடகோபன் எழுந்து நின்றான். நல்ல இங்கிலீஷில், பாடம் நடத்துகிற குரலில் சொன்னான். தவறு தன்னுடையது. அது தன் பூஜைக் குங்குமம். கெவின்மேல் ஒரு குற்றமும் இல்லை, புகாரைத் திரும்பப் பெறுகிறேன், அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அத்தோடு உட்கார்ந்திருந்தால் அவன் மனுஷன். உட்காரவில்லை.

"டாக்டர் இந்திரகுமார் இதை மறைத்துவிடலாம் என்கிறார். பஞ்சில் மருந்து இருந்ததாகத் தான் பொய் சொல்வதாகவும், என்னை வாயை மூடிக்கொண்டு இருக்கும்படியும் சொன்னார்."

கெவின்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். இந்திரகுமார் மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

கெவின் தேறினான், ரயில்வே பட்டறைக்குப் போனான். வில்காக்ஸ் சடகோபனின் தோளைத் தட்டி, "நேர்மையான ஆள்!" என்றார். நீட்டிப்புக் கிடைத்தது, வழிகாட்டியாக இனி வில்காக்ஸே. இந்திரகுமாரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இங்கே அப்படித்தான், திட்டமாட்டார்கள். அடுத்த வருஷம் அவருக்கு ஆராய்ச்சி மாணவர் ஒருவரையும் கொடுக்கவில்லை. வருவதாக இருந்த பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று.

வீட்டில் சடகோபன் நடந்ததைப் பெருமையாகச் சொன்னபோது பத்மா சாதம் பிசைந்த கையோடு உட்கார்ந்திருந்தாள். "நெஜத்தைச் சொன்னேள், சரி. அவரை ஏன்னா காட்டிக் குடுத்தேள்?" என்று கேட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வில்காக்ஸுக்கு அந்தக் குங்குமக் கதை ரொம்பப் பிடித்துப்போயிற்று. வெளியூர்ப் பேராசிரியர் யார் வந்தாலும் டீ நேரத்தில், "ஸாடி, உன் கடவுள் கம்பியைத் தின்ற கதையைச் சொல்லு" என்பார். பட்டம் அவர் கையில் அல்லவா? சடகோபன் சொன்னான். விரலை வைத்துக் காட்டச் சொன்னார்கள். காட்டினான். இந்திரகுமார் தமிழில் பேசிய இடம் வருமுன் கதையை முடித்துவிடுவான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒருதரம் இந்திரகுமாரும் ஓரத்தில் கோப்பையோடு நின்றார். அந்தக் கூட்டத்தில் சிரிக்காத ஒரே ஆள் அவர்தான். டீயைக் குடிக்காமல் கோப்பையை வைத்துவிட்டுப் போனார். சடகோபனுக்கு அன்று முழுதும் யார் மேலே என்று தெரியாத கோபம்.

எழுபத்தேழின் கடைசியில் இந்திரகுமார் சிட்னிக்குக் கிளம்பினார், பரமட்டாவில் குளிர்சாதனம் பொருத்தும் ஒரு கம்பெனி வேலைக்கு. புத்தகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது, பைண்டு செய்த ஆய்வேட்டோடு எதிரே ஏறி வந்தான் சடகோபன். வழி குறுகல். இருவரும் நின்றார்கள். சடகோபன் "சார்..." என்று மட்டும் சொன்னான்.

"சடகோபன்" என்றார் இந்திரகுமார், தமிழில், ஒரு கோபமும் இல்லாமல். "இந்தக் கட்டடத்துக்குள்ள தமிழ் கதைக்கக் கூடாதெண்டு முதல் நாளே நான் சொன்னனான். மறந்தது நான்தான். கொஞ்சம் விலத்தும், பெட்டி பாரமாக் கிடக்கு."

சடகோபன் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டான்.