சொல் வரும்வரை காத்திருந்த வெள்ளச்சி

போன வாரம் காளப்பநாயக்கன்பட்டிச் சந்தையில், மலையிலிருந்து மிளகு கொண்டுவந்த ஒருவர் என்னை அடையாளம் கண்டு நின்றார். "ஏனுங்க கம்பவுண்டரய்யா, நம்ம வெள்ளச்சி போயிட்டாங்க. மூணு நாள் காய்ச்சல்" என்றார். சந்தை இரைச்சல் எங்கோ விலகிப்போனது. மலைமேல் திண்ணனூர் நாட்டின் பனிக்குள், தலையில் சும்மாடு வைத்தபடி ஒருத்தி நடந்து போவதுபோல் இருந்தது.

மலைமேல் சிறிய ஆஸ்பத்திரி ஒன்றில் நான் கம்பவுண்டராக இருந்ததை உங்களில் சிலர் அறிவீர்கள். ஒரு நாள் வெள்ளச்சியின் கணவர் சடையனைத் தூளி கட்டித் தூக்கிவந்தார்கள். மிளகு பறிக்க, கொடி படர்ந்த பலா மரத்தில் ஏறி விழுந்து, தலையில் இடப்பக்கம் அடிபட்டிருந்தது. காயம் ஆறியது. பேச்சு மட்டும் வரவில்லை. வாயில் மிஞ்சியது ஒரே சொல்: மழை. சோறு வேண்டுமென்றாலும் மழை, வெயில் சுட்டாலும் மழை. மூன்று விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டேன். "மழை" என்றார். தப்பு என்று அவருக்கே தெரிந்தது, கண் கலங்கிவிட்டது.

சேலத்திலிருந்து வந்த டாக்டர், "புரிந்துகொள்ளும் இடம் நன்றாக இருக்கிறது. சொல்லைப் பிடித்து வெளியே அனுப்பும் இடம்தான் கெட்டிருக்கிறது" என்றார். அதற்கு மருந்து எதுவும் எழுதவில்லை.

வழியைக் கண்டது வெள்ளச்சிதான். ஒரு நாள் அவர் சாமை அளந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த சடையன் தன்னையறியாமல் ஒன்று, இரண்டு என்று எண்ணியிருக்கிறார். மறுநாளே வெள்ளச்சி மலைப்பாதையில் நடந்துவந்து என்னிடம் சொன்னார்: "தானா வருதுங்க. கேட்டாத்தான் வர மாட்டேங்குது."

அந்த நேரம் பார்த்து, சடையனின் அண்ணன் தம்பியின் காட்டைக் கேட்டு ஊரைக் கூட்டினார். "புத்தி பேதலிச்சவனுக்குக் காடு எதுக்குங்க? நான் பாத்துக்கறேன்" என்றார். நானும் போயிருந்தேன். பனி இறங்கி, எதிரில் இருப்பவர்களே நிழல்களாகத் தெரிந்தார்கள்.

ஊர்க்கவுண்டர் சடையனிடம், "உன் காட்டுக்கு எல்லைக்கல்லு எத்தனை?" என்று கேட்டார்.

"மழை."

யாரோ சிரித்தார்கள். வெள்ளச்சி எழுந்து, "ஒண்ணுல இருந்து வரட்டுங்க. யாரும் எடுத்துக் குடுக்காதீங்க" என்றார்.

சடையன் கண்ணை மூடினார். ஒண்ணு, ரெண்டு... ஒவ்வொன்றுக்கும் இடையில் வெகுநேரம். அந்த மௌனத்தில் அவர் தம் காட்டின் ஓரமாக நடந்துபோவது எனக்குத் தெரிந்தது. ஏழு என்றதும் வாயை மூடிக்கொண்டார்.

"கிளிகூட எண்ணுமுங்க" என்றார் அண்ணன்.

"கிளிக்கு எங்க நிக்கோணும்னு தெரியாதுங்க" என்றார் வெள்ளச்சி.

ஆளனுப்பிப் பார்த்தார்கள். கல் ஏழுதான். சுனையடியில் அவருடைய பலா எத்தனை என்று கேட்டார்கள். மூன்றில் நின்றார். அதுவும் சரி. "புத்தி உள்ளேதான் இருக்குது. காடு சடையனுக்கே" என்று ஊர்க்கவுண்டர் முடித்தார். அண்ணன் எழுந்து பனிக்குள் நடந்துவிட்டார்.

அதன்பின் சில சொற்கள் திரும்பின. தண்ணி, மாடு, வா. மனைவியின் பெயர் மட்டும் நான் அங்கிருந்தவரை வரவில்லை. நான் மாற்றலாகிக் கீழே இறங்குமுன் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சடையன் மனைவியைக் கூப்பிட முயன்று, உதடு துடிக்க நின்றுகொண்டிருந்தார். வெள்ளச்சி கை வேலையை விட்டுவிட்டுப் பேசாமல் எதிரே நின்றார். "அது வரலைன்னு வருத்தமில்லையா?" என்று பிறகு கேட்டேன்.

"பேரு வரலைன்னா என்னங்க? தேடறப்ப என் மூஞ்சியத்தானே பாக்குறாரு" என்றார்.

நான் அவசரக்காரன். முன்பெல்லாம் நோயாளி வாயைத் திறக்குமுன் வாக்கியத்தை நானே முடித்துவிடுவேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. எதிரில் இருப்பவர் ஒரு சொல்லுக்காகத் தடுமாறினால், கையில் இருக்கும் சீசாவைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தபடி இருக்கிறேன். வெள்ளச்சியிடமிருந்து எனக்கு வந்தது அதுதான்.